மெய்நிகர் உலகில் நிலம் யாருக்குச் சொந்தம்?

2023 மார்ச் 10 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘ஆல்ட்ஸ்பேஸ்விஆர்’ என்ற தன் மெய்நிகர் உலகை மூடியது. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் கச்சேரி, நகைச்சுவை மேடை, பிரார்த்தனை, சொற்பொழிவு என்று கூடிப் பழகிய இடம் அது. அதை உயிரோட்டமாக வைத்திருந்தவர்கள் அங்கே வந்துபோன மக்கள். மூடும் நாளைக் குறித்ததோ நிறுவனம். அந்த நாளோடு மேடைகளும் அரங்குகளும் போயின.

அடுத்த ஆண்டு மே 31 அன்று மொசில்லாவும் ‘ஹப்ஸ்’ என்ற தன் மெய்நிகர் அரங்குச் சேவையை நிறுத்தியது. 2020 மார்ச்சில் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் மெய்நிகர் தொழில்நுட்ப மாநாடு நேரடிக் கூட்டத்தைக் கைவிட்டு இணையத்துக்கு மாறியபோது கைகொடுத்த சேவை அது. இங்கே முடிவு வேறாக இருந்தது. பயனர்கள் தங்கள் படைப்புகளை எடுத்துக்கொள்ளக் கருவியும் அவகாசமும் தரப்பட்டன. மூலநிரல் தொடக்கம் முதலே திறந்திருந்ததால், ஹப்ஸ் அறக்கட்டளை என்ற புதிய அமைப்பு பணியைக் கையில் எடுத்தது. இன்றும் எந்தக் கல்லூரியும் தன் சர்வரில் ஹப்ஸை நிறுவி அரங்கு நடத்தலாம்.

இரண்டு மூடல்களுக்கும் இடையிலான இந்த வேறுபாடுதான் திறந்த மூல மெய்நிகர் உலகங்களின் மொத்தக் கதை. கட்டற்ற மென்பொருளை அரசின் பாதையாகவே ஏற்றுக்கொண்ட கேரளத்தின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு காத்திருக்கிறது.

மெய்நிகர் உலகம் என்பது என்ன?

கணினித் திரையிலோ தலையில் மாட்டும் கருவியிலோ தெரியும் முப்பரிமாண நிலம் அது. அங்கே ஒவ்வொருவருக்கும் அவதார் என்ற உருவம் உண்டு. நடக்கலாம், பேசலாம், வீடு கட்டலாம், விழா எடுக்கலாம். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து இணையர் தங்கள் திருமண வரவேற்பை இப்படியோர் உலகில் நடத்தியது தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்பட்டது. மணமகளின் மறைந்த தந்தை அங்கே அவதாராக வந்து வாழ்த்தினார்.

இத்தகைய உலகங்களில் மிகவும் பெயர்பெற்றது, 2003-இல் லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’. அதன் சர்வர் இன்றும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆனால் 2007 ஜனவரியில், பயனர் தன் கணினியில் நிறுவும் உலாவியின் மூலநிரலை நிறுவனம் வெளியிட்டது. அதே மாதம் டேரன் கார்ட் என்ற நிரலாளர், அந்த உலாவியோடு பேசக்கூடிய சர்வர் ஒன்றைத் தனியாக எழுதத் தொடங்கினார். அதுதான் ‘ஓபன்சிமுலேட்டர்’. சுருக்கமாக ஓபன்சிம் என்பார்கள்.

பிஎஸ்டி உரிமத்தில் வெளிவரும் ஓபன்சிமை யாரும் இலவசமாக எடுத்து நிறுவலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அதில் ஒரு நிலப்பகுதியின் வழக்கமான அளவு 256 மீட்டருக்கு 256 மீட்டர், ஏறத்தாழ 16 ஏக்கர். இப்படிப் பல நிலப்பகுதிகளைக் கோத்தால் ஒரு கிரிட். வீட்டு மேசைக் கணினியிலேயே சிறு உலகம் ஒன்றை ஓட்டிப் பார்க்க முடியும். வாடகை மண்டபத்தில் விழா எடுப்பதற்கும் ஊர்ப் பொதுமந்தையில் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் செகண்ட் லைஃபுக்கும் ஓபன்சிமுக்கும் இடையே.

கூட்டம் எப்படி நடக்கிறது?

ஓபன்சிம் சமூகம் 2013 செப்டம்பரில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. விமான டிக்கெட் இல்லை, விடுதி இல்லை. பேச்சாளர்களும் பார்வையாளர்களும் அவதார்களாக ஓபன்சிமுக்குள்ளேயே கூடினார்கள். அவாகான் என்ற லாப நோக்கற்ற அமைப்பும் தன்னார்வலர்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. உரைகள் இணையத்தில் நேரலையாகவும் சென்றன. அதன்பின் மாநாடு ஆண்டு வழக்கமானது.

மாநாடு விழாவாக மட்டும் இருப்பதில்லை. மென்பொருளைக் கசக்கிப் பார்க்கும் சோதனைக்களமும் அதுதான். 100 பேர் கூடும் அரங்கில் ஒருவர் கையை அசைத்தால், அந்தச் செய்தி மற்ற 99 பேரின் திரைக்கும் போக வேண்டும். எல்லோரும் அசைந்தால் ஒரே கணத்தில் 9,900 செய்திகள். 200 பேர் என்றால் அது 39,800. ஆள் இரட்டிப்பானால் சுமை நான்கு மடங்காகிறது. இதைச் சமாளிக்க ஒரு பழைய உத்தி உண்டு. நான்கு நிலப்பகுதிகள் சந்திக்கும் மூலையில் மேடையைப் போட்டு, பார்வையாளர்களை நான்கு பக்கமும் பிரித்து உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி சர்வர் தாங்கும். மாநாட்டுக்குத் தயாராகும் வாரங்களில் நிரலாளர்கள் கண்டுபிடித்துத் திருத்தும் பிழைகள், பிறகு எல்லோருக்கும் கிடைக்கும் பதிப்பில் சேர்கின்றன. விழா தொழில்நுட்பத்தை வளர்க்கிறது, வளர்ந்த தொழில்நுட்பம் அடுத்த விழாவைப் பெரிதாக்குகிறது.

அன்றாடக் கூட்டங்களும் உண்டு. 2007-இல் தொடங்கிய ‘ஓஎஸ்கிரிட்’ என்ற தன்னார்வ கிரிட்டில் ரைட் பிளாசா என்ற சதுக்கம் இருக்கிறது. ஓபன்சிம் நிரலாளர்கள் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே அவதார்களாகக் கூடி, அந்த வாரம் செய்த வேலையைப் பேசுவது நெடுநாள் வழக்கம். கூட்டம் தொடங்குவது அமெரிக்கப் பசிபிக் நேரம் பகல் 11 மணி. நமக்கு அது கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30. இந்தியப் பள்ளி மாணவர் கலந்துகொள்ளும் நேரமில்லை இது. நம் நேரத்தில், நம் மொழியில் கூடும் சதுக்கத்தை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய காரணம் வேண்டாம்.

ஓர் உலகிலிருந்து இன்னோர் உலகுக்கு

2008 ஜூலையில் ஐபிஎம் நிறுவனமும் லிண்டன் லேபும் சேர்ந்து, செகண்ட் லைஃபின் சோதனைக் கிரிட்டிலிருந்து ஓபன்சிம் சர்வர் ஒன்றுக்கு அவதார்களை அனுப்பிக் காட்டின. தனித்தனி உலகங்கள் ஒன்றோடொன்று இணைய முடியும் என்று அன்று தெரிந்தது. அதை எவரும் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் கிறிஸ்டா லோப்பஸ். அவர் உருவாக்கிய ‘ஹைப்பர்கிரிட்’ வழியாக, ஒரு கிரிட்டில் கணக்கு வைத்திருப்பவர் அதே பெயரோடும் அதே உடையோடும் இன்னொரு கிரிட்டுக்குப் போய்வரலாம்.

பயணம் என்றால் பாதுகாப்பும் வேண்டும். போகும் இடத்து சர்வரை நடத்துபவர் நம் உடைமைகளைப் படியெடுத்துவிட்டால்? அதற்காகவே ஹைப்பர்கிரிட்டில் ‘சூட்கேஸ்’ என்ற கோப்புறை சேர்க்கப்பட்டது. வெளியூர் போகும்போது அதில் வைத்தவை மட்டுமே அங்குள்ள சர்வரின் கண்ணுக்குத் தெரியும். மீதி வீட்டிலேயே இருக்கும்.

மற்ற பகுதிகளும் மெல்லத் திறந்துவருகின்றன. குரலில் பேசுவதற்கு நெடுங்காலம் விவாக்ஸ் என்ற மூடிய சேவையையே பலர் நம்பியிருந்தார்கள். இப்போது வெப்ஆர்டிசி என்ற திறந்த முறைக்கு மாறும் வேலை நடக்கிறது. ஓபன்சிமின் 0.9.3 வரிசை, லினக்ஸ் கணினிகளில் மோனோ என்ற பழைய அடித்தளத்தை விட்டுவிட்டுப் புதிய டாட்நெட்டுக்கு மாறியிருக்கிறது.

சர்வர் விழுந்தால்?

திறந்த மூலம் என்ற பெயர் மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது. 2014 ஆகஸ்டில் ஓஎஸ்கிரிட்டின் சேமிப்பு வட்டுகள் பழுதாகின. நிலங்கள் பலரது கணினிகளில் பரவிக் கிடந்தாலும், உடைமைகளின் பொதுக் களஞ்சியம் ஒரே இடத்தில் இருந்தது. கிரிட் மீண்டும் திறக்க மாதக்கணக்கில் ஆனது. அந்த இடைவெளியிலும் தங்கள் ஊரை இழக்காதவர்கள் யார்? நிலத்தின் முழுப் பிரதியை ‘ஓஏஆர்’ கோப்பாகத் தங்கள் கணினியில் சேமித்து வைத்திருந்தவர்கள். மேடும் பள்ளமும் கட்டடங்களும் அவற்றின் மேல்பூச்சும் அந்த ஒரே கோப்பில் அடங்கும். அதை எந்த ஓபன்சிம் சர்வரில் ஏற்றினாலும் ஊர் மறுபடி எழும்.

நிறுவனம் கைவிட்ட நிரலைச் சமூகம் தாங்கிய கதைகளும் உண்டு. லிண்டன் லேபை நிறுவிய பிலிப் ரோஸ்டேல் 2013-இல் ‘ஹை ஃபிடெலிட்டி’ என்ற புதிய மெய்நிகர் உலகைத் தொடங்கினார். தொழிலாக அது நிற்கவில்லை. சில ஆண்டுகளில் நிறுவனம் வேறு பாதைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் நிரல் அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியாகியிருந்ததால், தன்னார்வலர்கள் அதை எடுத்து ‘வெர்கேடியா’ என்றும், அதிலிருந்து பிரிந்து ‘ஓவர்ட்டே’ என்றும் வளர்த்தார்கள்.

நிரல், தரவு, அந்த உலகுக்குள் நுழையும் இணைய முகவரி ஆகிய மூன்றும் சமூகத்தின் கையில் இருந்தால்தான் சமூகத்தின் கூட்டம் நிலைக்கும். ஒன்று குறைந்தாலும் ஆபத்துதான்.

திருவனந்தபுரத்தில் என்ன இருக்கிறது?

2001 ஜூலை 20 அன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தை ரிச்சர்டு ஸ்டால்மேன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது திருவனந்தபுரத்தில்தான். அதே ஆண்டு கேரள அரசு ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. பிறகு பள்ளிக் கணினிகள் க்னு/லினக்ஸுக்கு மாறின. 2017-இல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருவெடுத்தது. அதன் தலைமையகம் நகரின் பூஜப்புரையில் இருக்கிறது. 8 முதல் 12 வரையிலான வகுப்புகளின் 45,000 அறைகளைக் கணினி, ப்ரொஜெக்டர், இணைய வசதியோடு நவீனமாக்கிய பணி கைட்டினுடையது.

2018 ஜனவரியில் கைட் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’, உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தகவல் தொழில்நுட்பக் கழகம். அதன் முகாம்களில் பிள்ளைகள் பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் செய்யவும் அசைவூட்டவும் கற்கிறார்கள். பிளெண்டர் கட்டற்ற மென்பொருளானதே ஒரு சமூக முயற்சியால்தான். அதை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் நொடித்தபோது, அதை உருவாக்கிய டான் ரூசன்டால் பொதுமக்களிடம் திரட்டிய 1,00,000 யூரோ கொண்டு அதன் மூலநிரல் விடுவிக்கப்பட்டது. பணம் சேர ஏழே வாரம்தான் ஆனது.

பிளெண்டரில் செய்த உருவத்தைக் கொலாடா வடிவில் எடுத்தால் ஓபன்சிமில் ஏற்றலாம். ஜிஎல்டிஎஃப் வடிவில் எடுத்தால் ஹப்ஸில் வைக்கலாம். அதாவது, உலகம் கட்டும் கொத்தனார் வேலை கேரளத்துப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் செய்த பொருள்களைக் கொண்டுபோய் வைத்து, நான்கு பேரோடு கூடி மகிழ ஒரு நிலம்தான் பாக்கி.

வழிகாட்டும் அமைப்புகளுக்கும் குறைவில்லை. கட்டற்ற மென்பொருளுக்கென்றே கேரள அரசு அமைத்த தன்னாட்சி நிறுவனமான ‘ஐசிஃபோஸ்’ இதே நகரில் இயங்குகிறது. மலையாள எழுத்துருக்களையும் மொழிக் கருவிகளையும் உருவாக்கிய ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழுவின் அனுபவமும் இங்கே அவசியம். ஏனென்றால் தமிழிலும் மலையாளத்திலும் துணையெழுத்தும் கூட்டெழுத்தும் இடம்மாறிச் சேரும். அவதாரின் தலைக்கு மேல் நம் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும் என்றால், உலாவியின் நிரலைத் திறந்து பார்த்துத் திருத்தும் உரிமை நமக்கு வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

அசைவூட்டல், விளையாட்டு, மெய்நிகர் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கென்று கேரள அரசு 2024-இல் தனிக் கொள்கையே வகுத்தது. வேலைவாய்ப்பும் முதலீடும் அதில் பேசப்படுகின்றன. பொதுநிலமும் பேசப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. பள்ளி மேசைக் கணினிகளை விடுவித்த அரசு, பிள்ளைகள் நாளை கூடப்போகும் உலகத்தை மட்டும் மூடிய நிறுவனங்களிடம் விட்டுவிடக் கூடாது.

பெரிய செலவில் தொடங்கத் தேவையில்லை. பழைய மடிக்கணினி இருக்கும் பள்ளிக்கு ‘லுவான்டி’ போதும். 2010-இல் பெர்ட்டு அஹோலா தொடங்கி, அண்மைக்காலம் வரை மைன்டெஸ்ட் என்று அறியப்பட்ட கட்டமைப்பு விளையாட்டு அது. ஆய்வகத்துக்குள்ளேயே சர்வர் வைத்து ஓட்டலாம். ஹப்ஸ் பிரவுசரிலேயே திறக்கும் என்பதால் கருத்தரங்குக்கும் கண்காட்சிக்கும் ஏற்றது. ஓபன்சிமுக்கு ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் வசதி வேண்டும். ஊரையே கட்டி ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க அதுதான் பொருத்தம்.

பிள்ளைகளின் பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். ஹைப்பர்கிரிட்டை அணைத்துவைத்து, பள்ளிக் கணக்குகளுக்கு மட்டும் வாசலைத் திறக்கலாம். சர்வரை நடத்துபவருக்கு எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரம் உண்டு என்பதால், அந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். ஓஏஆர் பிரதி எடுக்கும் நாளும் நாட்காட்டியில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரப் பயணம். இரு மாநிலப் பிள்ளைகளும் ஒருநாள் சேர்ந்து கூடுவதற்கு, இரு பக்கமும் தனித்தனி கிரிட் அமைத்து ஹைப்பர்கிரிட்டால் இணைத்தால் போதும். அங்கே ஓணப் பூக்களமும் பொங்கல் கோலமும் அடுத்தடுத்த நிலங்களில் மலரலாம். மூடும் நாளை வெளியாள் ஒருவர் குறிக்க முடியாத இடமாக அதைக் கட்டுவதற்கான நிரலும் கருவியும் கையிலேயே இருக்கின்றன. முதல் சர்வரை இயக்கும் முடிவைப் பூஜப்புரை எடுக்கட்டும்.