சடுகுடுக் களத்தில் ஓர் அண்ணன்

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சூழ்ந்து, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை எனத் திசைதோறும் விரிந்து கிடக்கும் சமவெளியில் திருவிழாக் காலம் வந்துவிட்டால், இரவு நேரங்களில் விளக்குகளை ஏற்றிச் சடுகுடுப் பந்தயம் நடத்தாத ஊர்கள் மிகச் சிலவே. பகலில் நூற்பாலையில் நின்றவனும், தோல் ஷாப்பில் உழைத்தவனும், பூ மூட்டை சுமந்தவனும் இரவில் அங்கே பாடிச் செல்கிறான். ஜயித்தால் கோப்பையும் சிறிது பணமும் கிடைக்கும். முழங்கால் பிசகினால் மறுநாட் கூலி போயிற்று. முப்பது வயது கடந்ததும் அவன் பெயரையும் ஊர் மறந்துவிடுகிறது. அவன் கற்ற வித்தை என்னவாயிற்று என்று கேட்பார் உண்டோ? இக்கேள்வியை நாம் எழுப்புவதற்குத் தூண்டுகோலாயிருப்பது ஒரு தமிழரின் விளையாட்டு வரலாறு.

தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் 1975-ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்ரீ தர்மராஜ் சேரலாதன். களத்தில் வலது கார்னரில் நிற்பது அவருடைய தொழில். அவ்விடத்தின் தன்மையை அறியாதார்க்கு ஒரு வார்த்தை: பாடி வருபவன் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும் அந்த ஒரு கணத்தில் அவன் கணுக்காலைப் பற்ற வேண்டும். அரைக் கணம் முந்தினால் அவன் தொட்டுவிட்டுத் திரும்புவான். அரைக் கணம் பிந்தினால் பிடிக்கக் காலே இராது. பிடித்தவனுக்கும் தனியே ஜயமில்லை. சங்கிலியாய் நிற்கும் தோழர் பாய்ந்து வந்து அமுக்கினாலன்றிப் பாடி வந்தவன் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். ஆகவே கார்னர்க்காரனுக்கு வேண்டியது வெறும் தேகபலமன்று. எதிரியின் இடுப்பையும் பாதத்தையும் படிக்கும் கண், பொறுமை, தோழரை அதட்டி நிறுத்தும் குரல் ஆகியவை. இவை வயதோடு வளருமேயன்றிக் குறைவதில்லை. பாய்ச்சல் குறையலாம்; பார்வை கூர்மையடைகிறது.

இதை மெய்ப்பித்துக் காட்டியவர் சேரலாதன். 2014-ல் புரோ கபடி லீக் தோன்றியபோது அவருக்கு வயது 39. மற்றையோர் ஓய்வை நாடும் அப்பிராயத்தில் அவருடைய புகழ் தொடங்கிற்று என்றே சொல்லலாம். 2016 ஜூலையில் ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், அவர் தலைமை வகித்த பாட்னா அணி ஜெய்ப்பூரை 37-29 என்ற கணக்கில் வென்று கோப்பையை ஏந்தியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் ஈரானை 38-29 என வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய பாரத அணியிலும் அவர் இருந்தார். அப்போது வயது 41. 2019-ல் ஹரியானா அணியின் தலைவராக அவர் களமிறங்கியபோது, அவ்வணியின் பயிற்சியாளராயிருந்த ராகேஷ் குமார் அவரினும் ஏழு ஆண்டு இளையவர்! பாஷை தெரியாத வடநாட்டு வீரர்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள். தமிழின் ஒரு சொல் கபடிக் களத்தில் அகில இந்தியச் சொல்லானது இவ்வாறுதான்.

2024-ல், லீகின் பதினோராவது பருவத்தில், தமிழ் தலைவாஸ் அணிக்கு ஸ்ரீ உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராகவும், சேரலாதன் வியூகப் பயிற்சியாளராகவும் நியமனம் பெற்றனர். அவ்வணி அவ்வாண்டு பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆடுதல் வேறு, ஆட்டுவித்தல் வேறு. விரல் நுனியில் இருப்பதை நாவின் நுனிக்குக் கொண்டுவர வேண்டும். தான் பாய்ந்திருக்கக்கூடிய கணத்தில் கோட்டுக்கு வெளியே கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் தேர்ச்சி ஒரே பருவத்தில் வருவதன்று. ஆனால் வரக்கூடியதே என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு: 2014-ல் ஜெய்ப்பூர் அணி லீகின் முதற் கோப்பையை வென்றபோது அதைப் பயிற்றுவித்தவர் நம்மவரான காசிநாதன் பாஸ்கரன்.

பயிற்சியாளரின் மதிப்பை நாம் அறியத் தவறினால் பிறர் அறிந்துகொள்வர். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈரானிய மகளிர் நம் மகளிரை 27-24 என வீழ்த்தித் தங்கம் பெற்றார்கள். அவர்களைப் பயிற்றுவித்தவர் யார்? மகாராஷ்டிரத்து ஷைலஜா ஜைன் என்னும் பாரதப் பெண்மணி! அவர்மீது குற்றமில்லை. வித்தை உள்ளவர் அழைத்த இடத்துக்குச் செல்வர். அதே விளையாட்டில் ஆடவரும் அரையிறுதியில் ஈரானிடமே தோற்றனர். 2023-ல் ஹாங்சோவில் இரு தங்கங்களையும் மீட்டோமெனினும், அந்தப் பாடம் மறக்கத்தக்கதன்று.

ஆட்டக்காரனின் ஜீவனம் பற்றிய இவ்வழக்குப் புதிதன்று. 1895 ஆகஸ்டில், வட இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் ரக்பி சங்கங்கள் பல கூடித் தாய்ச் சங்கத்தினின்று பிரிந்தன. காரணம் என்ன? சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுசெய்யத் தென்னாட்டுக் கனவான்கள் இசையவில்லை. கூலி கொடுத்தால் விளையாட்டின் புனிதம் கெடுமாம்! வயிறு நிறைந்தவர்களுக்கே உதிக்கும் தத்துவம் இது. பிரிந்தவர்களின் ஆட்டமே இன்று ரக்பி லீக் எனப்படுகிறது. ஆலை நகரமாகிய திண்டுக்கல்லில் இருப்போர்க்கு இச்சரித்திரம் எளிதில் விளங்கும்.

நம் சடுகுடுவுக்கும் இப்போது பணம் வந்திருக்கிறது. 2014-ன் முதல் ஏலத்தில் உச்ச விலை 12.8 லட்சம் ரூபாய். 2023-ல் பவன் ஷெராவத்துக்குக் கிடைத்தது 2 கோடி 60 லட்சத்துக்கும் மேல். மகிழ்ச்சியே. ஆனால் ஏலத்தில் பெயர் ஏறுவோர் சிலரே. மற்றையோரில் ரயில்வேயிலோ போலீஸிலோ உத்தியோகம் வாய்த்தவன் பிழைத்தான். வாய்க்காதவன் பழைய மூட்டைக்கே திரும்புகிறான். பயிற்சியாளராகலாமே என்பீர்கள். பாட்டியாலாவில் 1961-ல் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டுக் கழகம் அதற்கு டிப்ளமோ அளிக்கிறது; மறுப்பதற்கில்லை. கூலியை விட்டுவிட்டு மாதக் கணக்கில் படிப்பதற்குக் குடும்பஸ்தன் எங்கே போவான்?

இம்மாவட்டத்திலேயே, நத்தத்தை அடுத்த கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. திண்டுக்கல் பெயர் தாங்கிய அணி 2024-ல் அஸ்வின் தலைமையில் கோப்பையும் வென்றது. கிரிக்கெட்டின்மீது நமக்குப் பகையில்லை. அதற்குக் கிடைக்கும் கவனத்தில் காற்பங்கேனும் மண்ணில் புரண்டெழும் ஆட்டத்துக்கும் கிட்டட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சர்க்கார் செய்யத் தக்கது இதுதான்: ஓய்வுபெற்ற கிராமத்து வீரர்களைப் பொறுக்கியெடுத்து, உதவிச் சம்பளத்துடன் பயிற்சிக்கு அனுப்பி, ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒருவராகச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். உத்தியோகங்களில் விளையாட்டு வீரருக்கென வைத்துள்ள மூன்று சதவீதத்தை இதற்கும் பயன்படுத்தலாம். விழாக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம்: வருஷத்துக்கு வருஷம் பரிசுத் தொகையை உயர்த்தி விளம்பரம் செய்கிறீர்கள். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, உங்கள் ஊர்ப் பழைய கார்னர்க்காரர் ஒருவரைப் பையன்களுக்கு மாலைதோறும் பிடி கற்றுக்கொடுக்க அமர்த்துங்கள். அடுத்த தைக்குள் இதைத் தீர்மானிக்க அவகாசம் இருக்கிறது.