சூரியன் ஏன் இன்னும் தீர்ந்துபோகவில்லை?

சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் எரிந்து முடிந்திருக்கும். தன் ஈர்ப்பால் அது மெல்லச் சுருங்குவதால் வெப்பம் பிறக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு கணக்குப் போட்டார். அதுவும் சில கோடி ஆண்டுகளுக்கு மேல் தாங்கவில்லை. பாறைகளைப் படித்தவர்களோ பூமிக்கே அதைவிடப் பல மடங்கு வயது என்றார்கள்.

முடிச்சு 1920-இல் அவிழத் தொடங்கியது. நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் மொத்த நிறையைவிட ஒரு ஹீலியம் அணுவின் நிறை சற்றுக் குறைவு என்று விஞ்ஞானி ஆஸ்டன் அளந்து சொன்னார். குறைந்துபோன நிறைதான் வெயிலாக வருகிறது என்று ஊகித்தார் வானியலாளர் எடிங்டன். 1925-இல் சிசிலியா பெயின், சூரியனில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று கண்டுபிடித்தார். மூத்த விஞ்ஞானி ஒருவர் நம்ப மறுக்க, தன் முடிவைத் தானே சந்தேகித்து ஆய்வேட்டில் எழுத வேண்டியதாயிற்று அந்த இளம்பெண்ணுக்கு. சில ஆண்டுகளில் அவர் சொன்னதே சரி என்றானது. ஹைட்ரஜன் ஹீலியமாகும் அணுக்கரு இணைவின் படிகளை 1939-இல் விளக்கிய ஹான்ஸ் பெத்தேவுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சூரியனின் மையத்தில் வெப்பம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாகிறது. உடனே ஹைட்ரஜன் குண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். சூரியன் மகா சோம்பேறி. ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டான்கள் இரண்டு இணைய, மோதும் அந்தக் கணத்தில் அவற்றில் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். அது அபூர்வத்திலும் அபூர்வம். ஒரு புரோட்டான் தன் முறைக்காகச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. அதனால் மையத்தின் ஒரு கன மீட்டரில் கிடைப்பது 300 வாட்டுக்கும் குறைவு. அளவுக்கு அளவு பார்த்தால் நம் உடம்பு வெளியிடும் சூடே இதைவிட அதிகம்! சூரியனின் பலமெல்லாம் அதன் பிரம்மாண்டம்தான்.

வேகத்துக்குக் கடிவாளமும் உள்ளேயே இருக்கிறது. இணைவு கொஞ்சம் கூடினால் மையம் விரிந்து குளிர்கிறது. குறைந்தால் ஈர்ப்பு அமுக்கிச் சூடேற்றுகிறது.

மையத்தில் இணைவு நடக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி, அதில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள். மையத்தில் பிறந்த ஆற்றல் ஒளியாக மேற்பரப்பை எட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகளாவது பிடிக்கும். நியூட்ரினோக்களுக்கு இரண்டு நொடி போதும். இணைவின் முதல் படியில் பிறப்பவற்றை 2014-இல் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இயங்கிய போரெக்சினோ கருவி பிடித்துவிட்டது.

சூரியனுக்கு வயது 460 கோடி. எரிபொருள் இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கு வரும். ஆனால் நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் என்று அதன் பிரகாசம் ஏறிக்கொண்டே போவதால், பூமியின் கடல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வற்றிவிடும்.