காலடியில் இரண்டு ஆறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பனிச்சறுக்கு என்றதும் ஆஸ்பென், பிரெக்கன்ரிட்ஜ் போன்ற பெரிய பெயர்கள்தான் முதலில் வரும். ஆனால் அந்த மாநிலத்தின் சறுக்குத்தலங்களில் அதிகப் பனி பொழியும் இடம் என்று பெயர் வாங்கியது, தென்மேற்கு மூலையில் சான் ஹுவான் மலைத்தொடரில் இருக்கும் உல்ஃப் கிரீக். ஒரு பருவத்தில் சராசரியாக 430 அங்குலம், அதாவது ஏறத்தாழ 11 மீட்டர் வெண்பனி அங்கே விழுகிறது.

இவ்வளவு பனி இருந்தும் கூட்டம் குறைவு. டென்வரிலிருந்து காரில் வர நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அடிவாரத்தில் நட்சத்திர விடுதிகளோ கடைவீதியோ கிடையாது. மேற்கே பகோசா ஸ்பிரிங்ஸ், கிழக்கே சவுத் ஃபோர்க் ஆகிய சிற்றூர்களில் தங்குபவர்கள் காலையில் மலையேறி, மாலையில் இறங்கிவிடுவார்கள். மலையில் அவர்கள் கழிக்கும் அந்த ஒரு பகலுக்குள் மேக இயற்பியல், உராய்வு, பனிச்சரிவு, நீர்ப் பங்கீடு எல்லாம் அடங்கியிருக்கின்றன.

காற்று ஏறும் படி

பசிபிக் பெருங்கடலில் ஈரத்தை ஏற்றிக்கொண்டு தென்மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்கள், அரிசோனாவின் பாலைநிலங்களைக் கடந்ததும் முதலில் மோதும் பெரிய சுவர்களில் ஒன்று சான் ஹுவான். காற்று சரிவில் ஏறுகிறது, ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, குளிர்வதால் தன்னிடமுள்ள ஈரத்தைத் தாங்க முடியாமல் கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றிடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை வசூலிப்பதும் இதே வரியைத்தான். மலைக்கு அப்பால் கிழக்கே கிடக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் மழை, பனி இரண்டையும் நீராகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 20 செ.மீ. தேறாது. அங்கே உருளைக்கிழங்கு விளைவது, உச்சியில் தேங்கும் பனி ஆறாக இறங்கி வருவதால்தான்.

விழுந்த பனியின் உயரத்தை மட்டும் வைத்து நீரைக் கணக்கிட முடியாது. மேகத்துக்குள் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரியை ஒட்டி இருந்தால் படிகங்கள் ஆறு கிளைகளுடன் அகன்று வளர்கின்றன. வெப்பநிலை மாறினால் அவையே ஊசிகளாகவும் தட்டுகளாகவும் தூண்களாகவும் உருவெடுக்கும். இந்த விதிகளை ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிசிரோ நகாயா. 1936இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிர் அறையில், ஒரு முயல் முடியின் மேல் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை அவர் வளர்த்தார். கிளைவிட்ட படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடுக்க முடியாதவை. இடையில் காற்று நிறையச் சிக்கிக்கொள்ளும். ராக்கி மலைகளின் புதுப்பனியில் 10 செ.மீ. எடுத்து உருக்கினால் பெரும்பாலும் ஒரு செ.மீ. நீர்கூடத் தேறாது. முழங்கால் வரை புதைந்தும் தடையின்றி மிதந்து செல்லலாம் என்று சறுக்குவோர் தேடி வரும் பவுடர் பனி இதுதான்.

விடியலுக்கு முன் வேட்டு

லிஃப்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்பே மலையில் வெடிச்சத்தம் கேட்கும். இரவில் பனி கொட்டியிருந்தால், ரோந்துப் பணியாளர்கள் செங்குத்தான சரிவுகளில் வெடி வைத்து, சரியக் காத்திருக்கும் பனியை ஆளில்லாத நேரத்தில் சரித்துவிடுகிறார்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் நடக்கின்றன. சறுக்குவோருக்கு ஆசையூட்டும் சரிவுகளும் அவையே.

கொலராடோவின் பனிக்கு ஒரு தனிக்கோளாறு உண்டு. பருவத் தொடக்கத்தில் பனிப்போர்வை மெல்லியது. அதன் அடியில் நிலம் பூச்சியம் டிகிரியை ஒட்டி இருக்க, மேலே இரவுக் காற்று அதைவிடப் பல டிகிரி கீழே இறங்கிவிடும். இந்த வேறுபாட்டால் அடிப்பகுதியிலிருந்து நீராவி மேலேறி, வழியில் மறுபடி உறைந்து, கோணல் முகங்கள் கொண்ட பெரிய மணிகளாகிறது. இவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கையில் அள்ளினால் உதிரும். மலைக்காரர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள். டிசம்பரில் உருவான அந்த உதிரி அடுக்கின் மேல் ஜனவரிப் புயல் ஒரு கனத்த பாளத்தை ஏற்றினால், ஒரு மனிதரின் எடையே அதைப் பெயர்க்கப் போதும். மலைவழியாகச் செல்லும் 160ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் கூரை போட்ட கொட்டகையே கட்டியிருக்கிறார்கள். சரியும் பனி கூரைமேல் போய்விடும்; வண்டிகள் கீழே போகும்.

வாழைத்தாரிலிருந்து வந்த நாற்காலி

மேலே கொண்டுசெல்லும் சேர் லிஃப்டும் அமெரிக்க மேற்கில் பிறந்ததுதான். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் 1936இல் ஐடஹோவின் சன் வேலியில் ஒரு சறுக்குத்தலம் திறந்தபோது, அதன் பொறியாளர் ஜேம்ஸ் கரன் கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிக் கம்பிவடத்தை நினைவில் வைத்து, கொக்கிக்குப் பதில் நாற்காலியைத் தொங்கவிட்டார். அதுவே உலகின் முதல் சேர் லிஃப்ட்.

உல்ஃப் கிரீக்கின் அடிவாரமே 3,140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 3,628 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். சமவெளியிலிருந்து அன்றே வந்தவருக்கு மூச்சு வாங்கும், தலை வலிக்கும். புற ஊதாக் கதிர்கள் மேலிருந்து கூடுதலாக வருவது போதாதென்று, பனியில் பட்டு முகவாய்க்கு அடியிலிருந்தும் திரும்பி வரும்.

உச்சி முகட்டில்தான் வட அமெரிக்காவின் நீர்ப்பிரிகோடு ஓடுகிறது. கிழக்குச் சரிவில் உருகும் பனி ரியோ கிராண்டே ஆற்றில் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவை நோக்கிப் போகும். மேற்குச் சரிவில் உருகுவது சான் ஹுவான் ஆறு வழியாகக் கொலராடோ ஆற்றில் கலந்து பசிபிக் பக்கம் போகும்.

வழுக்குவது எப்படி?

பலகையின் அழுத்தத்தால் பனி உருகி நீராவதாலேயே வழுக்குகிறது என்று பள்ளிப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. பனிக்கட்டி மேல் சறுக்குவதற்கு அயர்லாந்து அறிஞர் ஜான் ஜோலி 1886இல் தந்த விளக்கம் அது. கணக்குப் போட்டால் நிற்காது. 80 கிலோ எடை இரண்டு பலகைகளிலும் பரவும்போது வரும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் உருகுநிலை குறைவது ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. மைனஸ் 10 டிகிரிப் பனியை அது ஒன்றும் செய்யாது.

உராய்வின் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். உருகுநிலைக்குக் கீழும் பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகள் இறுகிப் பிணையாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. அவையும் உருளைகள்போல உதவுகின்றன என்று பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. 2018இல் வெளியான அளவீடுகளின்படி, பனிக்கட்டி மேல் உராய்வு மிகக் குறைவது மைனஸ் 7 டிகிரியை ஒட்டி. அதைவிடச் சூடானால் பரப்பு இளகிக் குழியும். மிகவும் குளிர்ந்தால் மூலக்கூறுகள் அசையாது, பனி மணலாய் உரசும். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் காலையில் ஒரு மெழுகும், பனி ஈரமாகிவிட்ட பிற்பகலில் வேறொரு மெழுகும் பலகையின் அடியில் தேய்க்கும் பழக்கம் இந்த விவாதத்துக்கு வெகுமுன்பே வந்துவிட்டது.

ஒரு லிட்டர் நீர்

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்த 80 கிலோ மனிதர் உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்குவது 488 மீட்டர். அவர் இழக்கும் நிலையாற்றல் சுமார் 3.8 லட்சம் ஜூல். காற்றைக் கிழிக்கவும் திருப்பங்களில் பனியைச் சீவவும் செலவாவதை எல்லாம் மறந்து, முழுவதும் பனியை உருக்கவே போனதாக வைத்துக்கொண்டாலும், கிடைக்கும் நீர் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். ஆக, மனிதர் எவ்வளவு சறுக்கினாலும் மலைக்கு உறைக்காது.

உருக்குவது வெயில். ஆனால் தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைப் புதுப்பனி திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கவசத்தைக் கெடுப்பது தூசி. இளவேனிற் காற்றுகள் கொலராடோ பீடபூமியின் வறண்ட நிலங்களிலிருந்து செம்மண்ணை வாரி வந்து சான் ஹுவான் பனிமேல் தூவுகின்றன. அழுக்கேறிய பனி வெயிலைக் குடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மேற்கில் கால்நடைகள் பெருகி மண்ணின் மேலோடு உடைந்ததும் இந்தத் தூசி பன்மடங்கானதை, மலை ஏரிகளின் வண்டல் காட்டிக்கொடுத்தது. தூசியால் கொலராடோ ஆற்றின் உச்ச வெள்ளம் சுமார் மூன்று வாரம் முந்திவிட்டது. ஆண்டு நீர்வரத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சீக்கிரமே வெளிப்படும் நிலமும் செடிகளும் அந்த நீரை ஆவியாக்கிவிடுகின்றன. ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆறு அது.

இலத்தீன் வாத்தியார் காட்டிய வழி

பனியின் உயரம் அல்ல, எடையே முக்கியம் என்று மேற்கு மாநிலங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த ஜேம்ஸ் சர்ச். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ் மலையில் ஏறி, உள்ளீடற்ற குழாயைப் பனிக்குள் இறக்கி, எடுத்ததை நிறுத்துப் பார்த்து, கோடையில் எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே சொன்னார். இன்று அந்த வேலையை மேற்கு மலைகளில் 900க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் செய்கின்றன. தரையில் விரித்த, உறையாத திரவம் நிரம்பிய பனித்தலையணை தன்மேல் ஏறும் பாரத்தை அளந்து அனுப்புகிறது. உல்ஃப் கிரீக் கணவாயிலும் ஒன்று உண்டு.

அது அனுப்பும் எண்ணைப் பார்த்துத்தான் பள்ளத்தாக்கு விவசாயி அந்த ஆண்டு விதைப்பைத் திட்டமிடுகிறார். ரியோ கிராண்டே நீரைக் கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சஸ் மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ள 1938இல் செய்த ஒப்பந்தமும், டெல் நோர்ட்டே என்ற ஊரில் அளக்கும் நீர்வரத்தையும் வைத்தே கொலராடோ கீழே விடவேண்டிய பங்கைத் தீர்மானிக்கிறது. போதாததற்கு, நீர்ப்பிரிகோட்டைத் துளைத்து மேற்குப் பக்கத்து நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே கொண்டுபோகும் சுரங்கங்களும் 1970களிலிருந்து ஓடுகின்றன. அந்த நீர் ஆல்புகர்க்கி நகரம் வரை போகிறது.

உல்ஃப் கிரீக்கில் லிஃப்டுகள் பெரும்பாலும் ஏப்ரல் தொடக்கத்தில் நின்றுவிடும். பனி தீர்ந்துபோவதால் அல்ல. ஊர்க்காரர்களின் கவனம் வேறு பக்கம் திரும்பிவிடுவதால். உச்சியில் தேங்கிய நீரின் எடை அநேகமாக ஆண்டின் உச்சத்தைத் தொடுவதும் அந்த மாதத்தில்தான். அது மே மாதத்திலேயே அவசரமாக இறங்கிவிடுமா, ஜூன் வரை தாக்குப்பிடிக்குமா என்பதை அதன்மேல் படியும் தூசியும் வெயிலும் முடிவு செய்யும். மூன்று மாநிலங்களின் பங்குச் சண்டைக்கு ஆதாரம் அந்த நீர். குளிர்காலம் முழுக்க அதன் முதுகில் ஏறி விளையாடியவர்கள், அதிலிருந்து உருக்கியது ஓட்டத்துக்கு மிஞ்சினால் ஒரு லிட்டர் சொச்சம்.