சுக்கான் பிடிக்கும் கட்டைவிரல்

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் சுக்கானைச் சாய்த்தால், தோணி ஏதோ ஒரு கோணம் திரும்பிவிட்டு நின்றுவிடாது. சாய்த்துப் பிடித்திருக்கும் வரை திரும்பிக்கொண்டே இருக்கும். வேண்டிய திசை வருவதற்குச் சற்று முன்பே சுக்கானை நேராக்கத் தெரிந்தவர்தான் நல்ல சுக்கானி. கேரம் பலகையில் கதை வேறு. ஸ்ட்ரைக்கரை விரலால் இரண்டு அங்குலம் நகர்த்தினால் அது இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. முன்னதில் கை சொல்வது வேகத்தை, பின்னதில் கை சொல்வது இடத்தை. முதல் நபர் பார்வையில் சுடும் கணினி ஆட்டங்களில் கேம்பேடு உயர்ந்ததா, மௌஸ் உயர்ந்ததா என்று முப்பது ஆண்டுகளாக நடக்கும் வழக்கு பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்ததே. ‘என்னைச் சுட்டவன் எமுலேட்டர்ல ஆடுறான்’ (கைபேசி ஆட்டத்தைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர்) என்று மாப்பிள்ளையூரணியில் கைபேசியைத் தூக்கிப் போடும் பையனின் புகாரும் அதே வழக்கின் இன்னொரு வாய்தா.

கணக்கைப் பார்த்துவிடலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தில் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) மௌஸை 2 என்ற சென்சிட்டிவிட்டியில் வைத்தால், ஒரு முழுச்சுற்று திரும்ப மௌஸை ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் இதை ஒட்டிய அளவில்தான் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டர் அசைவுக்கு முக்கால் டிகிரிக்கும் குறைவான திருப்பம். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் நுனி எல்லாம் பங்குபோட்டுக்கொள்ள அரை மீட்டர் இடம் இருக்கிறது. கேம்பேடின் ஸ்டிக்கோ நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் சாயும். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் ‘அசையாதே’ என்பதிலிருந்து ‘முழு வேகத்தில் திரும்பு’ என்பதுவரை எல்லா வேகங்களையும் ஒரே கட்டைவிரல் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு சரியான நொடியில் கையை எடுக்கவும் வேண்டும். ஆட்டக்காரர்களின் வாய்ச்சண்டைக்கு வெகு முன்பே இது ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்டூவர்ட் கார்டு, வில்லியம் இங்கிலிஷ், பெட்டி பர் மூவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் உள்ள எழுத்தைச் சுட்டிக்காட்ட மௌஸ், ஜாய்ஸ்டிக், இருவகை விசைகள் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். வேகத்திலும் பிழைக்குறைவிலும் மௌஸே முன்னால் நின்றது. அவர்கள் பயன்படுத்திய ஜாய்ஸ்டிக் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் சொல்லும் வகை, நம் சுக்கானின் உறவுக்காரன்.

இதனால் ஸ்டிக் மட்டமான கருவி என்று ஆகிவிடாது. துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேனின் கூண்டில் லீவர்தான் இருக்கும். பல டன் எடை கம்பியில் தொங்கும்போது கையின் ஒவ்வொரு சிறு நடுக்கத்தையும் அப்படியே பெட்டிக்குக் கடத்தும் கருவியை அங்கே எவரும் வைக்க மாட்டார்கள். ஆட்டத்துக்குள்ளேயே நடப்பதற்கு ஸ்டிக்தான் மேல்: மெல்ல, வேகமாக, எந்தக் கோணத்திலும் நடக்கலாம். விசைப்பலகையின் நான்கு எழுத்துகளில் கிடைப்பதோ எட்டுத் திசைகள் மட்டுமே. கார் ஓட்டும் ஆட்டத்தில் மௌஸைப் பிடித்தவர் பாடு பரிதாபம். குறிபார்ப்பது என்ற ஒற்றை வேலைக்குத்தான் ஸ்டிக் பொருந்தாமல் போகிறது. சுடும் ஆட்டத்தில் அந்த வேலையே பிரதானமாக இருப்பது அதன் போறாத காலம்.

பொருந்தாத கருவியைப் பொருந்த வைத்தது மென்பொருள். இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் பார்வை என்று இன்று எல்லோரும் இயல்பாகக் கொள்ளும் அமைப்பை 2000இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ஏலியன் ரிசரக்‌ஷன்’ பயன்படுத்தியபோது விமர்சகர்கள் எரிச்சல்பட்டார்கள். அடுத்த ஆண்டே எக்ஸ்பாக்ஸில் வந்த ‘ஹேலோ’ அதே அமைப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அதில் குறி எதிரியின் மேல் வந்ததும் பார்வையின் வேகம், சேற்றில் கால் வைத்ததுபோல், தானாகக் குறையும். தோட்டாவும் சற்றே இலக்கின் பக்கம் சாயும். எய்ம் அசிஸ்ட் என்ற இந்த உதவியில் பின்னாளில் இன்னொன்றும் பரவலாயிற்று: ஸ்டிக் லேசாக அசைந்திருந்தால் போதும், ஓடும் எதிரியோடு சேர்ந்து பார்வையும் கொஞ்சம் இழுபடும். சுக்கானியின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரு தரப்பும் தனித்தனி அரங்குகளில் ஆடிய காலத்தில் அந்தக் கை யாரையும் உறுத்தவில்லை. சிக்கல், ஒரே களத்தில் சேர்த்தபோது வந்தது. வூடூபிசி நிறுவனத்தைத் தொடங்கிய இந்திய வம்சாவளிக் கனடியர் ராகுல் சூட் 2010இல் ஒரு செய்தியை எழுதினார். கணினிக்காரர்களையும் எக்ஸ்பாக்ஸ்காரர்களையும் மோதவிடும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் சோதித்துக் கைவிட்டதாம். சுமாரான மௌஸ்காரர்களிடமே தேர்ந்த கேம்பேடுக்காரர்கள் துவண்டதுதான் காரணமாம். இது ஒருவர் சொன்ன கேள்விச்செய்தி, ஆய்வறிக்கை அல்ல. ஆனால் மேலே பார்த்த கணக்கோடு ஒத்துப்போகிறது. எய்ம் அசிஸ்ட் வலுவடைந்த பிறகு தராசு மறுபக்கம் சாய்ந்தது. ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ போட்டிகளில் மௌஸில் வளர்ந்த வீரர்கள் பலர் கேம்பேடுக்கு மாறினார்கள். மனிதக் கண் கண்டு கை அசைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். மென்பொருளுக்கு அந்தத் தாமதம் கிடையாது. நெருங்கி நின்று சுடும் சண்டையில் அது பெரிய மூலதனம். கடைசியில் 2024 ஆகஸ்டில், கணினிக்காரர்கள் கலந்திருக்கும் களங்களில் இந்த உதவியை 25 சதவீதம் குறைப்பதாக அந்த ஆட்டத்தின் தயாரிப்பாளர்களே அறிவித்தார்கள். யார் வெல்வார் என்பதில் ஒரு பங்கை நிரலாளர் அறையில் உள்ள ஒரு எண் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை. எண்ணைக் கூட்டினால் மௌஸ்காரர் அழுவார், குறைத்தால் கேம்பேடுக்காரர் அழுவார். இருவரும் நியாயமாகவே அழுவார்கள். இருவருக்கும் பொதுவான ‘சரியான’ எண் என்று ஒன்று கிடையாது, ஏனெனில் தூரச் சண்டையில் ஒரு கருவியும் நெருக்கச் சண்டையில் மற்றதும் மேலோங்கும் இரண்டு வேறு திறமைகளை அது ஒரே அளவுகோலால் அளக்கப் பார்க்கிறது.

இந்த உதவியே கள்ளத்தனம்தான் என்பார்கள் மௌஸ் அணியில் உள்ள தீவிரவாதிகள். நம் நாட்டுச் சம்பவம் ஒன்றை வைத்தே அதைச் சோதிக்கலாம். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவரின் கணினியில் குறிபார்க்க உதவும் திருட்டு மென்பொருள் இருந்தது தெரியவந்தது. அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது. சில நாட்களில் அணியே கலைக்கப்பட்டது. அந்த மென்பொருளும் எய்ம் அசிஸ்டும் செய்யும் வேலை ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஷாங்காயில் குற்றமானது உதவி அல்ல, ஒளிவு. ஒரே கருவி பிடித்த எல்லோருக்கும் ஒரே அளவில், எல்லோரும் அறிய, விதிப்புத்தகத்தின்படி தரப்படுவது திருட்டாகாது. கால் ஆஃப் டியூட்டி லீக் 2021 பருவத்தில் பிளேஸ்டேஷனை விட்டுக் கணினிக்கு மாறியபோதும் வீரர்கள் கேம்பேடையே பிடித்தார்கள். எல்லார் கையிலும் ஒன்றே என்பதால் அங்கே வழக்கு எழவில்லை.

‘திறமை இருந்தால் எதிலும் ஜெயிக்கலாம்’ என்பது எதிர்த்திசையிலிருந்து வரும் வாதம். தனி மனிதருக்கு அது பொருந்தும், விதிக்குப் பொருந்தாது. வில்வித்தையைப் பாருங்கள். ரிகர்வ் வில்லும், கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லும் வேறு வேறு போட்டிகள். முன்னதற்கு 70 மீட்டர் தூரமும் 122 சென்டிமீட்டர் இலக்கும். பின்னதற்கு 50 மீட்டரும் 80 சென்டிமீட்டரும். எந்த வில் உயர்ந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, காம்பவுண்ட் வில்லின் கப்பியை 25 சதவீதம் குறைத்துவிட்டு இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதும் இல்லை. மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக இந்திய அரசு 2022 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. விளையாட்டு என்ற பெயரை வாங்கிக்கொண்ட பிறகு, கருவிப்படி பிரிக்கும் விளையாட்டின் பழைய வழக்கத்தையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கவனிக்க: பெட்டியின் பெயரால் அல்ல, கையில் பிடிப்பதன் பெயரால். பிளேஸ்டேஷனில் மௌஸ் செருகுபவரும் உண்டு, கணினியில் கேம்பேடு பிடிப்பவரும் உண்டு.

பிரித்தால் ஆள் போதாது, களம் நிரம்பக் காத்திருக்க வேண்டும் என்ற மறுப்பு இவற்றில் கனமானது. கேம்பேடு ஆட்டக்காரர்கள் குறைவான நம் நாட்டில் அது உண்மையும்கூட. பொழுதுபோக்கு ஆட்டத்தில், ஆடுபவர் விரும்பினால், கலந்து ஆடட்டும்; தரவரிசை ஆட்டத்தில் வேண்டாம் என்பதே என் கட்சி. அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதற்கு அமெரிக்கா போக வேண்டாம், நம் கைபேசியே சான்று. கைபேசியில் ஆடும் பப்ஜி பெரும்பாலும் தோளுக்குப் பின்னிருந்து பார்த்து ஆடுவது; ஆனாலும் குறிபார்க்கும் விதி ஒன்றுதான். கண்ணாடித் திரையில் கட்டைவிரல் தேய்ப்பவரையும், எமுலேட்டர் போட்டுக் கணினியில் மௌஸால் சுடுபவரையும் ஒரே தீவில் இறக்கினால் என்ன ஆகும் என்பது 2018இலேயே தெரிந்துவிட்டது. எமுலேட்டர்காரர்களுக்குத் தனிக் களம் ஒதுக்கினார்கள். 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜியைத் தடைசெய்த பிறகு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்த இந்தியப் பதிப்பில் எமுலேட்டருக்கு இடமே இல்லை. கைபேசிக்காரர்களுக்குள்ளும் கைரோ வைத்து ஆடுபவர் உண்டு: போனைச் சாய்த்த அளவுக்குப் பார்வை சாயும், சாய்ப்பதை நிறுத்தினால் நிற்கும். கேரம் ஸ்ட்ரைக்கரின் விதி அப்படியே போனுக்குள் வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான போன்களில் கிடைக்கும் வசதி என்பதால் அதைப் பிரிக்க வேண்டிய தேவை எழவில்லை.

ஏமாற்ற வழி தேடுவோர் எங்கும் உண்டு. மௌஸைக் கேம்பேடுபோல் வேடமிட வைத்து, மௌஸின் துல்லியத்தோடு எய்ம் அசிஸ்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் இடைக்கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ ஆட்டத்தில் யூபிசாஃப்ட் 2023இல் இதற்குப் போட்ட பொறியின் பெயர் ‘மௌஸ்ட்ராப்’, அதாவது எலிப்பொறி. வேடமிட்டவரை அது வெளியேற்றவில்லை. அவர் கை அசைவதற்கும் திரை அசைவதற்கும் இடையே தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியது. இடைக்கருவியைக் கழற்றினால் தாமதமும் படிப்படியாகக் குறையும். பப்ஜியின் விதி இன்னும் எளிமை. நான்கு பேர் கொண்ட அணியில் ஒருவர் எமுலேட்டரில் உட்கார்ந்தாலும், கைபேசி பிடித்த மற்ற மூவரும் அவரோடு சேர்ந்து மௌஸ்காரர்கள் இறங்கும் தீவில்தான் குதிக்க வேண்டும்.