பழைய படைக்குப் புதிய வண்ணம்

பொழுதுபோக்குகளுள் சில, பணத்தைக் காட்டிலும் பொறுமையையே முதலீடாகக் கேட்பவை. ஏறத்தாழ ஓர் அங்குல உயரமே உள்ள உலோக வீரர்களைச் சீர்செய்து, வண்ணம் தீட்டி, ஒரு முழுப் படையாக அணிவகுக்கச் செய்வது அவற்றுள் ஒன்று. மேசைமேல் ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுக்கென 1980களில் இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இச்சிற்றுருவங்கள், இன்று பரண்களிலிருந்தும் பழைய பெட்டிகளிலிருந்தும் மீண்டும் வெளிவருகின்றன. அவற்றை மீட்டெடுக்கும் கலையில் எல்லா வாடிக்கையாளர்க்கும் பயன்படக்கூடிய ஒரு பாடம் உண்டு. பழம்பொருள் ஒன்றைக் கையிலெடுக்கும்போது, அதில் எதை இழக்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். எப்படிப் புதிதாக்குவது என்பது அதற்குப் பின்னரே.

பொம்மை வீரர்களைக் கொண்டு விதிமுறைகளோடு ஆடும் போர் விளையாட்டு புதியதன்று. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் அதற்கென ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலையே எழுதினார். வரலாற்றுப் படைகளின் இடத்தில் குள்ளர், பூதர், எலும்புக்கூட்டு வீரர், பறவைநாகம் முதலிய கற்பனைப் படைகள் பெருமளவில் நுழைந்தது பிற்காலத்தில். கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘வார்ஹாமர்’ விளையாட்டு அதில் பெரும்பங்கு வகித்தது. அதற்கான உருவங்களை ‘சிட்டடல்’ என்னும் பெயரில் நாட்டிங்காம் வட்டாரத்தில் வார்த்தனர். 2015இல் நிறுத்தப்பட்ட அந்தப் பழைய கற்பனை உலகம், 2024இல் ‘தி ஓல்டு வேர்ல்டு’ என்ற பெயரில் திரும்பி வந்தது. பழைய படைகளைத் தேடுவோர்க்கு அது ஒரு புதிய ஊக்கம்.

பழைய உருவம் கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டியது கழுவுதல் அன்று, பார்த்தல். நகையின் முத்திரையைத் தேடுவதுபோல, உருவத்தின் காலடியிலுள்ள மெல்லிய உலோகப் பட்டையை நோக்க வேண்டும். தளத்தின் பிளவில் செருகப்படும் அப்பட்டையில் நிறுவனத்தின் பெயரும், பல வேளைகளில் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்து, பழைய வண்ணத்தைக் கவனிக்க வேண்டும். தடித்த எனாமல் பூச்சில் முகமும் கவசமும் மூழ்கிக் கிடந்தால் அதை நீக்குவதே நன்று. தேர்ந்த கை ஒன்று நுணுக்கமாகத் தீட்டிய வேலையாகவோ, குடும்பத்தில் ஒருவரின் இளமைக்கால நினைவாகவோ இருந்தால், தூசியைத் துடைத்துப் பெயர்ந்த இடங்களை மட்டும் நிரப்புவது போதும். உலோகத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வண்ணமிடலாம். கரைத்துவிட்ட பழைய வண்ணமோ ஒருபோதும் திரும்பாது. ஆகவே, தொடங்குமுன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தல் நலம்.

அக்கால உருவங்கள் பெரும்பாலும் ஈயம் கலந்த உலோகத்தால் ஆனவை. ஈயமற்ற கலவை 1990களின் பிற்பகுதியில்தான் வந்தது. எனவே கையுறை அணிதல், உண்ணும் இடத்தில் வேலை செய்யாமை, முடித்தபின் கைகளை நன்கு கழுவுதல், சிறுவர்க்கு எட்டாமல் வைத்தல் ஆகியவை கட்டாயம். உலர்ந்த நிலையில் அரம் போட்டால் நச்சுத் துகள் பறக்கும். நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். உலோக உருவத்தின் வண்ணத்தை அசிட்டோன் விரைவில் நீக்கும். அது தீப்பற்றக்கூடியது, காற்றோட்டமான இடத்திலேயே கையாள வேண்டும். பிளாஸ்டிக் உருவத்தையோ அது உருக்கிவிடும். அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏற்றது. ஊறிய பின் பழைய பல் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் நாற்பதாண்டுக்கு முந்தைய முகம் மீண்டும் தெளியும்.

உடைந்த கையையும் வாளையும் பசையால் மட்டும் ஒட்டினால் நெடுநாள் தாங்காது. கைத்துளைப்பானால் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு, இடையே பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டுவதே உறுதியான முறை. இடைவெளியை எப்பாக்ஸி மாவால் நிரப்பலாம். அதன்பின் மெல்லிய பிரைமர் பூச்சு; அதன்மேல் நீர் கலந்த அக்ரிலிக் வண்ணம். கெட்டியான ஒரு பூச்சைவிட நீர்த்த இரு பூச்சுகளே நுணுக்கங்களைக் காக்கும். பள்ளங்களில் தங்கும் இருண்ட நீர்வண்ணம் நிழலைத் தரும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை வருடினால் ஒளி பிறக்கும். இறுதியில் வார்னிஷ் பூச்சு, ஆடுவோரின் விரல்களிலிருந்து உருவத்தைக் காக்கும்.

ஒரு வீரனைத் தீட்டுவது எளிது. படையை முடிப்பதே கடினம். 80 உருவங்கள் என்றும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் என்றும் கொண்டால், மொத்தம் 160 மணி நேரம். வாரம் நான்கு மணி ஒதுக்கினால் 40 வாரங்கள் ஆகும். தொடர் வைப்புத் தொகையைப் போன்றதே இதுவும்: தவணை சிறிது, ஆனால் தவறக் கூடாது. பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு குழுவை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவோர் படையை நிறைவு செய்கின்றனர். எல்லாவற்றையும் ஒரே நாளில் கரைசலில் ஊறவைப்போரிடம் மிஞ்சுவது பெரும்பாலும் வெற்று உலோகமே.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் குறியீட்டில் இடம்பெற்றது. அதனால் நம் பெட்டியிலுள்ள பூதத்தின் விலையும் ஏறும் என்று எண்ணலாகாது. விலை, அரிய தன்மையையும் முழுமையையும் நிலையையும் வாங்குவோரின் விருப்பத்தையும் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து வாங்குவோர் செலாவணி மாற்றுக் கட்டணம், அனுப்பும் செலவு, சுங்கத் தீர்வை ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். போலி மறுவார்ப்புகளும் உலவுகின்றன. மழுங்கிய நுணுக்கங்களைக் கண்டால் ஐயுறுதல் வேண்டும். ரசீதுகளையும் படங்களையும் பேணுதல் விற்பனைக்கும் காப்பீட்டுக்கும் உதவும்.

முடிந்த படையை அழகிய மர அலமாரியில் வைக்கத் தோன்றும். ஓக் போன்ற மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும் என்பதால், ஈரம் புகாத கண்ணாடி, உலோகப் பேழையே தக்கது. அவ்வாறு காத்த படையைக் கண்காட்சிப் பொருளாக மட்டும் வைக்க வேண்டுவதில்லை. விளையாடுவதற்காக வார்க்கப்பட்டவை அவை; விடுமுறை நாளொன்றில் மேசைமேல் இறக்கி, வீட்டிலுள்ள அடுத்த தலைமுறையோடு ஆடும்போதுதான், செலவிட்ட நாற்பது வாரங்களுக்கும் உரிய வட்டி கிடைக்கிறது.