அரியூர் நாட்டில் ஒரு ஓட்டுக்கு என்ன செலவு?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் ஏறி முடித்தால் கொல்லிமலையின் 14 நாடுகள் விரிகின்றன. அவற்றில் ஒன்று அரியூர் நாடு. மிளகு, காப்பி, பலா, வாழை என்று வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். தேர்தல் கணக்கில் இது சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி, எண் 93. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டுதான்.

இந்த மலையில் ஒருவர் ஓட்டுப் போட அரசுக்கு என்ன செலவாகிறது, அவருக்கே என்ன செலவாகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சின்னச் செலவிலிருந்து தொடங்கலாம். விரலில் வைக்கும் மை மைசூரில் தயாராகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு வாங்கிய சுமார் 26.5 லட்சம் குப்பிகளுக்கு ஏறத்தாழ 55 கோடி ரூபாய் பிடித்தது. 10 மில்லி குப்பி ஒன்று 174 ரூபாய். ஒரு குப்பி 700 பேருக்கு வரும். ஆக, ஒரு விரலுக்கு 25 காசு.

அடுத்தது இயந்திரம். 2023-ல் தேர்தல் ஆணையம் மத்திய சட்ட அமைச்சகத்துக்குச் சொன்ன உத்தேச விலைப்படி வாக்குப்பதிவு அலகு 7,900, கட்டுப்பாட்டு அலகு 9,800, ஒப்புகைச் சீட்டு இயந்திரம் 16,000. மூன்றும் சேர்ந்து 33,700 ரூபாய். ஆயுள் 15 ஆண்டு. அதற்குள் மூன்று மக்களவைத் தேர்தல், மூன்று சட்டமன்றத் தேர்தல் என்று ஆறு முறை பயன்பட்டால் ஒரு முறைக்கு 5,617 ரூபாய். சமவெளியில் 1,000 பேர் ஓட்டுப் போடும் சாவடியில் இது தலைக்கு 5 ரூபாய் 62 காசு. மலையில் 300 பேர் மட்டும் போடும் சாவடி என்று வைத்துக்கொண்டால் 18 ரூபாய் 72 காசு. இயந்திரம் அதேதான், மை அதேதான். ஆள் குறையக் குறைய விலை மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரும் அவருக்குக் கீழ் மூன்று அலுவலர்களும் 300 பேருக்கும் வேண்டும், 1,000 பேருக்கும் வேண்டும். அவர்களின் படிக்காசும் இதே கணக்கில்தான் ஏறும். மலைப்பாதை வண்டி வாடகையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இது வீண் செலவு என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது ஆணையத்தின் பொது நெறி. குஜராத்தின் கிர் காட்டில் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி வைத்தார்கள். நம் மாவட்டத்திலேயே, ராசிபுரம் தொகுதியைச் சேர்ந்த போதமலைக்கு வண்டி போகாத காலமெல்லாம் பெட்டியைத் தலையில் சுமந்து நடந்தே ஏறியிருக்கிறார்கள். அந்த மலைக்குச் சாலை போட அரசு பின்னர் ஒதுக்கிய தொகை சுமார் 140 கோடி ரூபாய். தேர்தலுக்குத் தேர்தல் தவறாமல் ஏறிய பெட்டி, சாலை இல்லாத குறையையும் தேர்தலுக்குத் தேர்தல் ஊருக்குக் காட்டியது. செலவின் பலனில் அதையும் வரவு வைக்க வேண்டும்.

வாக்குச்சாவடியின் காலைப்பொழுதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அரக்கு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, சணல், மைக்குப்பி சாயாமல் நிறுத்த ஒரு கிண்ணம், உலோகச் சட்டம், துணி எல்லாம் சாக்குப் பையிலிருந்து மேசைக்கு வருகின்றன. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பே முகவர்கள் கண்ணெதிரில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக்காட்டி, அழித்து, முத்திரை வைக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒப்புகைச் சீட்டு 7 விநாடி தெரிகிறது. காலை 7 முதல் மாலை 6 வரை 660 நிமிடம். 1,500 பேர் இருந்து அத்தனை பேரும் வந்தால் ஆளுக்கு 26 விநாடிதான். முடிந்ததும் 17சி படிவத்தில் பதிவான வாக்குகளின் கணக்கை எழுதி, முகவர்களுக்குப் படி கொடுக்க வேண்டும். இந்த நாட்டின் கணக்கேடுகளில் நான் மிகவும் மதிப்பது அந்த ஒற்றைத் தாளைத்தான்.

பழைய கணக்கு இன்னும் சுவையானது. 1951–52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு 10.45 கோடி ரூபாய் செலவு, வாக்காளர் 17.3 கோடி. தலைக்குப் பத்து அணாவுக்கும் சற்றுக் குறைவு. அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி; சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும். அதற்காக 20 லட்சம் இரும்புப் பெட்டிகள், 8,200 டன் எஃகு. பெட்டிக்கு நாலு கிலோ. 1957-ல் செலவு 5.90 கோடியாகக் குறைந்தது. பழைய பெட்டிகளையே எடுத்துப் பயன்படுத்தியது முக்கியக் காரணம். 2014-ல் அது 3,870 கோடி, தலைக்கு 46 ரூபாய்.

இந்தச் செலவை அரசுதான் செய்ய வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் முதலிலிருந்தே இருந்த வழக்கமல்ல. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாநிலங்களில் வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கையில் கொடுத்தன. எந்தச் சீட்டைப் போடுகிறார் என்று பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் தெரியும். கென்டக்கி மாநிலத்தில் 1891 வரை வாய்விட்டுச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். அரசே சீட்டு அச்சிட்டு, மறைவில் குத்தச் செய்யும் முறையை 1888-ல் மாநிலம் முழுமைக்கும் சட்டமாக்கியது மாசசூசெட்ஸ். ஆஸ்திரேலியாவில் 1856-லேயே வந்த முறை அது. அச்சுக்கூலியை அரசு ஏற்ற பிறகுதான் ஏழையின் ஓட்டு அவன் கைக்கு வந்தது. அமெரிக்காவிலும் மண்ணின் பூர்வகுடிகளுக்கு 1924-ல்தான் முழுமையாகக் குடியுரிமை. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் ஓட்டுரிமைக்கு 1948 வரை காத்திருந்தார்கள்.

நம் கதையும் பெருமைப்படும்படி தொடங்கவில்லை. 1920-ல் சென்னை மாகாணத் தேர்தலில் வாக்காளர் சுமார் 12.5 லட்சம் பேர், மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று. நிலமும் வரியும் உள்ளவருக்கே ஓட்டு. காட்டைத் திருத்திச் சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலுக்குள் வந்திருப்பார்கள்? 1937-ல் 215 இடங்கள் கொண்ட மாகாணச் சட்டசபையில் பழங்குடியினருக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. இன்று 234-ல் இரண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர், 1.1 விழுக்காடு. 234-ல் 1.1 விழுக்காடு என்றால் இரண்டரைக்கும் சற்று மேல். அந்த அரை இடம் யாருக்கும் இல்லாமல் போகிறது.

வாக்காளர் தன் பக்கம் செய்யும் செலவை எந்த ஏடும் எழுதுவதில்லை. 2024 ஏப்ரலில் நூறு நாள் வேலையின் கூலி 319 ரூபாய். வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. வெளியூர்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் கொல்லிமலைக்காரர் அதைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. வாங்காமல் மலையேறி வந்தால், அவர் போடும் ஓட்டுக்கு அரசு செலவழிப்பதைவிடப் பல மடங்கு அவரே செலவழிக்கிறார்.

இனி ஊராட்சிக்கு வருவோம். கணக்கிலேயே மலிவான தேர்தல் இதுதான். சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு 34,000, வார்டு உறுப்பினருக்கு 9,000. பழங்குடியினருக்கு வைப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 5,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 300, வார்டுக்கு 100. நூறு ரூபாய் கையில் இருந்தால் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பொறுப்பேற்க முன்வரலாம். வாக்காளர் கையில் நான்கு சீட்டு: தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம்.

இந்த மலிவான தேர்தலைத்தான் உரிய காலத்தில் நடத்தாமல் விடுகிறோம். 2016 அக்டோபர் 24-ல் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வந்தது 2019 டிசம்பரில்; அதுவரை அரசு அமர்த்திய தனி அலுவலர்கள். அதில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். 2016 அக்டோபரிலிருந்து 2025 டிசம்பர் வரை 110 மாதம். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தது 60 மாதம். மீதி 50 மாதம் அதிகாரிகள் கையில். ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு சொல்கிறது. ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாத மாநிலம் நம்முடையது; ஆகவே பழங்குடிக் கிராமசபைகளுக்கு வேறு மாநிலங்களில் கிடைக்கும் சிறப்பு அதிகாரமும் கொல்லிமலைக்குக் கிடையாது. இங்கே இருப்பது இந்த ஊராட்சி மட்டுமே.

சென்னைக்கும் டெல்லிக்கும் ஆள் அனுப்ப 70 வளைவு ஏறி வரும் பெட்டி, அரியூர் நாட்டுக்கு அரியூர் நாட்டுக்காரரையே தேர்ந்தெடுக்கவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் ஏறி வர வேண்டும். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அந்த 50 மாதத்துக்கு அவரிடம் கணக்குக் கேளுங்கள்.