பல்லில் பதிந்த ஊர்

துணுக்காயில் பத்தாந் தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டிருக்கிறா: “யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிண்டியெடுத்த எலும்புக்கூட்டை வைத்து, அந்த மனிசர் எந்த ஊரில் வளர்ந்தவர் என்று கண்டுபிடிக்கலாமா, ஐயா?”

நல்ல கேள்வி. 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அங்கே அகழ்ந்தது. கறுப்பு, சிவப்பு மட்பாண்டங்களோடு நீட்டிக் கிடத்திப் புதைத்த உடல் வெளிப்பட்டது. பிராமி எழுத்துப் பொறித்த சின்னஞ்சிறு முத்திரையும் கிடைத்தது. இவை பெருங்கற்காலத்தவை. அந்தக் காலம் பற்றிப் பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் அதை விட்டுப் பல்லுக்கு வருகிறேன்.

மாரிக்கு முன் எங்கள் வீட்டுக் கூரைக்குப் புதுக் கிடுகு போடுவோம். எலும்பும் அப்படித்தான், வாழ்நாள் முழுக்கக் கொஞ்சங் கொஞ்சமாகப் புதுப்பிக்கப்படும். பல்லின் மேற்பூச்சான எனாமல் மட்டும் ஒருமுறை உருவானால் மாறாது. முதற் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறந்ததிலிருந்து சுமார் 3 வயதுக்குள் உருவாகும். ஞானப்பல்லினது பதின்ம வயதில்தான் முடியும். ஆக, ஒரே தாடையில் ஒருவரின் குழந்தைப் பருவமும் வளரிளம் பருவமும் தனித்தனியே பதிந்திருக்கின்றன.

அந்த எனாமலில் ஸ்ரொன்சியம் என்ற தனிமம் உண்டு. பாறையிலிருந்து மண்ணுக்கும், தண்ணீருக்கும், சோற்றுக்கும் போய், கடைசியில் பல்லில் தங்குவது. பாறைக்குப் பாறை ஸ்ரொன்சியம் 87, 86 ஆகிய இரு வகைகளின் விகிதம் வேறுபடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கடலில் படிந்தது. வவுனியாப் பக்கத்துப் பாறைகளோ பலகோடி ஆண்டு பழையவை, அவற்றில் விகிதமும் கூடுதல். சில மில்லிகிராம் எனாமலைச் சுரண்டி எடுத்தாலே அளந்துவிடலாம். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே 2002இல் கண்டெடுத்த ஒரு மனிதர் அல்ப்ஸ் மலைப்பக்கம் வளர்ந்தவர் என்று சொன்னதும் பல்தான். அங்கே விடை சொன்னது எனாமலிலுள்ள ஒட்சிசன். அவர் இன்று சோல்ஸ்பரி நூதனசாலையில் இருக்கிறார்.

நம் பக்கம் கிரவல் கிண்டும்போது பானை வந்தால் எடுத்து அலுமாரியில் வைக்கிறோம். பல்லையும் தாடையையும் மண்ணோடு டிப்பரில் ஏற்றிவிடுகிறோம். எனக்கு மனம் பொறுக்கவில்லை. உடையாத பானையைவிட உதிர்ந்த ஒரு பல் அந்த மனிதரைப் பற்றிக் கூடச் சொல்லும். ஆனைக்கோட்டை முத்திரையே காணாமற் போய்விட்டது. மிஞ்சியவற்றையாவது கழுவாமல், வார்னிஷ் பூசாமல், கிடந்த இடத்தைக் குறித்து வைக்க வேண்டாமா?

பிள்ளையின் கேள்விக்கு விடை: பல் நல்லபடி இருந்தால் கண்டுபிடிக்கலாம். ஆனால் பல்லில் கிடைக்கும் எண்ணை எந்த ஊரோடு ஒப்பிடுவது? அதற்கு ஊருக்கு ஊர் மண், செடி, நத்தை ஓடு எல்லாவற்றையும் அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும். துணுக்காய்க் குளக்கட்டில் கிடக்கும் நத்தை ஓடும் அதில் சேரும். எடுக்கும்போது இடத்தையும் திகதியையும் எழுதி வை, பிள்ளை.